கண்ணாடி ஒரு டஜன்

எங்கள் அண்ணி ஜெயமாலாவுக்குக் காலில் சக்கரம் என்று எங்கள் தெருவில் சொல்லுவார்கள். அது தப்பு. சக்கரம் இருந்தது வாயில். கால் சும்மா அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கறிவேப்பிலை வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பினால், கறிவேப்பிலைக்காரியின் மருமகள் எந்த ஊர், எத்தனை மாசம், மாமியார் கொடுமை உண்டா இல்லையா என்று அத்தனையும் தெரிந்துகொண்டு, கறிவேப்பிலையை மட்டும் மறந்துவிட்டு வருவாள்.

எங்கள் அண்ணன் ஜீவராஜுக்கு மாலையிட்டு அவள் மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சிக்கு வந்தபோது நான் பாவாடை தாவணியில் இருந்தேன். அப்புறம் எனக்கும் கல்யாணமாகி அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் போனேன். அதனால் நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் நானே சாட்சி. நடந்ததில் பாதிக்கு இந்தச் சந்தனாதான் காரணம் என்று அண்ணி சொல்லுவாள். அவள் பேச்சை நம்பாதீர்கள்.

எங்கள் அம்மா தர்மவதியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஜைனர்கள். எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யக் கூடாது என்று வளர்ந்தவர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். அரிசி பருப்பைப் பூச்சி பார்க்காமல் உலையில் போட மாட்டோம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். எல்லோரும் செய்வதை அம்மா ஒரு படி மேலே போய்ச் செய்வாள். எங்கள் அப்பா, நைனா, காலமான பிறகு அது இன்னும் கூடிற்று. சாயங்காலச் சாப்பாட்டை நாலு மணிக்கே முடித்துவிட்டு, அதற்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். தெருவில் இருக்கிறவர்கள் அவளைப் பார்த்தாலே கைகூப்புவார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து முடிந்து அறுபத்தாறு பிறந்த சமயம். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். ஒரு வாரப் பத்திரிகையின் பின் அட்டையில், பெண் ஏஜெண்டுகள் தேவை என்று மதராஸ் சுகந்தமாலா கம்பெனியின் விளம்பரத்தை அண்ணி பார்த்துவிட்டாள். முகப் பவுடர், கூந்தல் தைலம், சோப்பு, எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய் விற்க வேண்டும். விளம்பரத்தில் ஒரு பெண் தோளில் பை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணியை மயக்கியது பவுடர் இல்லை, அந்தப் பைதான்.

பணத்துக்காக அவள் ஆசைப்படவில்லை. அண்ணனுக்கு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், நல்ல வியாபாரம். காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, சொந்த வேலையாகத் தனியாக பஸ் ஏற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் தனியாகப் போன தூரம் கறிவேப்பிலைக் கடை வரைக்கும்தான்.

அம்மாவிடம் சொன்னோம். வீடு இரண்டானது.

"வூடு வூடா போய் கூவி விக்கறதா? நம்ம வூட்டுப் பொம்பளையா? சோப்புல இன்னா கொழுப்பைப் போடறானோ எவன் கண்டான்! அது நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது."

"சோப்பை விட்டுடறேன் அத்தை. பவுடரும் தைலமும் மட்டும்."

"ஒண்ணும் வாணாம்."

அண்ணி விடவில்லை. தண்ணீர் வடிகட்டும்போது கேட்டாள், தலை வாரும்போது கேட்டாள், கோயிலில் பிரதட்சிணம் வரும்போதும் பின்னாலேயே கேட்டுக்கொண்டு போனாள். அம்மாவுக்குக் காது வலித்திருக்க வேண்டும். ஒரு நாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஒரு பொட்டி. ஒரே ஒரு பொட்டி வரவழைச்சிக்கோ. சித்திரை வருசப் பொறப்புக்குள்ள அதுல இருக்கறது அத்தினியும் வித்துட்டேன்னா நீ ஏஜெண்டு. ஒண்ணு மிஞ்சினாலும் பையை ஆணியில மாட்டிட்டு அடுப்பைப் பாரு. அப்புறம் பஸ்ஸு கிஸ்ஸுன்னு என் காதுல விழக் கூடாது."

"சரி அத்தை," என்றாள் அண்ணி. அவ்வளவு சின்னப் பதிலை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

கம்பெனி முதலில் மாதிரிக்காக ஒரு பவுடர் டப்பாவும் ஒரு தைலப் புட்டியும் அனுப்பியது. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து ஊரான சிங்கவரத்துக்கு நடந்தோம். முதல் வீடு அம்மாக்கண்ணு வீடு. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவளை உட்கார வைத்து, அண்ணி அவள் முகத்தில் பவுடரை அப்பினாள். ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டே அப்பியதில் கொஞ்சம் தாராளமாகவே போய்விட்டது.

"எப்பிடி இருக்குதுன்னு பாருங்க!"

"எதுல பாக்கறது?" என்றாள் அம்மாக்கண்ணு.

அவர்கள் வீட்டில் கண்ணாடி உண்டு. அவள் புருஷன் சவரம் செய்துகொள்வதற்காக அவன் உயரத்துக்கு ஆணியடித்து மாட்டியது. அவன் பனைமரம், இவள் குத்துக்கல். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

"நெத்தி மட்டும் வெளுத்திருக்குது. மீதி இன்னா ஆச்சு?"

"மீதியும் அதே மாதிரிதான்."

"அது நீ சொல்றே. என் மூஞ்சி எனக்கே தெரியாம மூஞ்சிக்கு எதுக்கும்மா பவுடரு? போயிட்டு வா." அவளுடைய மாமியார் ரத்தினம்மாள் அதற்கு மேலே. காசுப் பை அந்தம்மாள் இடுப்பில் இருந்தது. "எனக்கும் கண்ணுல காட்டணும். காட்டினாத்தான் காசு," என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கண்ணாடி ஆம்பிளை உயரத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் அப்படித்தான். திரும்பி நடக்கும்போது அண்ணிக்கு ஒரு யோசனை உதித்தது. கைக்கண்ணாடி ஒரு டஜன் வரவழைத்தால் போகிற வீட்டில் எல்லாம் காட்டலாம்; பவுடர் மூன்று டப்பாவாக வாங்குகிறவர்களுக்குக் கண்ணாடியையே இனாமாகக் கொடுத்துவிடலாம். நல்ல மூளை. அதை நான் மறுக்கவில்லை.

"செஞ்சிக் கடைத்தெருவுலயே வாங்கலாமே அண்ணி?"

"அதுல பாத்தா வாய் கோணலா தெரியுது. கம்பெனி கண்ணாடின்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் எழுத உட்கார்ந்தோம். ஏஜெண்டுகளுக்கான சாமான் என்று கம்பெனி அச்சடித்து அனுப்பியிருந்த தாளை அண்ணி கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதுபோலப் படித்தாள். கம்பெனி பேர் போட்ட தோள்பை. பவுடர் ஒற்றுகிற பஞ்சு. பில் புத்தகம். அதற்குக் கார்பன் தாள்.

"பில்லு யாருக்குப் போடப் போறே? அம்மாக்கண்ணுக்கா?"

"வாங்கினவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. ஏஜெண்டுன்னா பில்லு இருக்கணும் சந்தனா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

தாளில் கைக்கண்ணாடி இல்லை. அதைக் கீழே தனியாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "மூஞ்சி பாக்கற கண்ணாடி ஒரு டஜன்" என்று சொன்னேன். எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "மூஞ்சி பாக்கற" என்பதைக் கறுப்பாக அடித்துவிட்டாள்.

"ஏன் அடிச்சே?"

"கம்பெனிக்கு எழுதறதுல மூஞ்சின்னா எழுதுவாங்க? மூஞ்சி மொகரைன்னு எழுத இது இன்னா கொழாயடிச் சண்டையா?"

"முகம்னு எழுதேன்."

"பவுடர் கம்பெனிக்காரன் கிட்டப் போய் முகம் பாக்கற கண்ணாடின்னு வெளக்கம் வேற சொல்லணுமா? அவன்கிட்ட வேற எந்தக் கண்ணாடியைக் கேப்பாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ரத்தினம்மாள் சொன்னது அவள் மனதில் இருந்தது. காசுப் பையை வைத்திருக்கிற மாமியார்களுக்கு முகம் தெரிந்தால்தானே வியாபாரம் நடக்கும்? அதனால் இப்படி முடித்தாள்: "கண்ணாடி ஒரு டஜன். கைக்கு அடக்கமாகவும், வயதானவர்களுக்கும் தெளிவாகத் தெரியும்படியும் இருக்க வேண்டும்."

எழுதியதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினாள். என்ன அழகான தமிழ் என்று நானே மெச்சினேன்.

பார்சல் மாசியில் வந்தது. வி.பி. பார்சல், பணத்தைக் கட்டினால்தான் கைக்குக் கிடைக்கும். மோர் விற்றுச் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணி தபால் ஆபீசுக்குப் போய் வாங்கி வந்தாள். தபால்காரர் அரிகிருஷ்ணன் தாமே பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே என்ன என்று பார்க்காமல் அவருக்கும் போக மனமில்லை. அண்ணனும் மண்டியிலிருந்து வந்துவிட்டான்.

பை வந்திருந்தது. பில் புத்தகம், பஞ்சு, பவுடர், தைலம், எல்லாம் வந்திருந்தன. அடியில் ஓர் அட்டைப் பெட்டி. "இதோ கண்ணாடி!" என்று அண்ணி காகிதத்தைப் பிரித்தாள்.

பன்னிரண்டு மூக்குக் கண்ணாடி.

அண்ணன்தான் முதலில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். "ஜெயமாலா, நீ சொன்ன மாதிரி ரொம்பத் தெளிவா தெரியுது," என்று சொல்லிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் பாருங்கள், அரிகிருஷ்ணனுக்கும் அடக்க முடியவில்லை. எனக்கும்தான். அண்ணி முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அம்மா சிரிக்கவில்லை. "அதுவும் பொட்டியில வந்ததுதானே? அதையும் விக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

தவறு நடந்துவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினோம். பதில் வந்தது. "தாங்கள் கோரியபடியே, வயதானவர்களுக்கும் தெளிவாகத் தெரியக்கூடிய வெள்ளெழுத்துக் கண்ணாடிகளை மூர் மார்க்கெட்டில் பிரத்தியேகமாகத் தேடி வாங்கி அனுப்பியுள்ளோம். திரும்பப் பெற இயலாது. தங்கள் தொழில் மேன்மேலும் செழிக்க வாழ்த்துகிறோம்." அந்த வாழ்த்துதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

அண்ணி சளைக்கவில்லை. வீட்டில் மாட்டியிருந்த சட்டம் போட்ட கண்ணாடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பங்குனி வெயிலில் கிளம்பிவிட்டாள். செஞ்சியில் பங்குனி வெயில் என்றால் சும்மா இல்லை. சுற்றியிருக்கிற மலை எல்லாம் பாறை, இரண்டு பக்கமும் வேகும். சிங்கவரத்தில் அம்மாக்கண்ணு கடைசியில் தன் முழு முகத்தையும் பார்த்தாள். பார்த்ததும் மூன்று டப்பா வாங்கினாள். ரத்தினம்மாள் தனக்கும் ஒன்று வாங்கி, யாரிடமும் சொல்லாதே என்றாள். பவுடரும் தைலமும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வீட்டில் அண்ணன் கண்ணாடி இல்லாமல் சவரம் பண்ணிக் கன்னத்தில் பிளாஸ்திரியோடு மண்டிக்குப் போனான். சிரித்தானில்லையா, படட்டும்.

மூக்குக் கண்ணாடிதான் நகரவே இல்லை. அம்மாக்கண்ணு ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, தல சுத்துது, எங்க மாடு வாசல்ல பொக மாதிரி நிக்குது," என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். ரத்தினம்மாள், "இதைப் போட்டுக்கினா கெழவின்னு சொல்லுவாங்க," என்று தொடவே மறுத்தாள். கடைத்தெருவில் ஒரு வாத்தியார் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்து, தாம் போட்டிருப்பதே நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுப் போனார்.

வருஷப் பிறப்புக்கு முதல் நாள் மத்தியானம் நான் அங்கே போனேன். பெட்டியில் பவுடர் இல்லை, தைலம் இல்லை. பன்னிரண்டு கண்ணாடி அப்படியே இருந்தன. அண்ணி அப்போதுதான் வெளியிலிருந்து வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"ஆணி அங்க இருக்குது," என்றாள்.

அண்ணி பையை ஆணியில் மாட்டினாள். முறத்தில் ரேஷன் பருப்பைக் கொட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். ம் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் பேச்சு இல்லாத அந்த வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நாலு மணிக்கு அம்மா தட்டோடு வந்து, அண்ணி பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அம்மா மூக்கில் மாட்டிவிட்டேன்.

"நீயே போட்டுக்கோ! பன்னெண்டுல ஒண்ணாவது கொறையட்டும்!"

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தாள். சோற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் அண்ணியின் மடியிலிருந்த முறத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி இது? நடக்குது!"

"வண்டு," என்றேன். "ரேஷன் பருப்பும்மா. வண்டு இல்லாம இருக்குமா?"

அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோறு தட்டிலேயே காய்ந்தது. ஒவ்வொரு வண்டாக நோகாமல் எடுத்துக் கொட்டாங்கச்சியில் விட்டு, கொல்லைப் பக்கம் வேலியோரம் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தாள். நைனா போனதற்கப்புறம் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"ரெண்டு வருசமா எனக்குக் கண்ணு தெரியலைடி. முறத்தைச் சும்மா பொடைச்சிக்கினு உக்காந்திருந்தேன். எத்தினி உசுரை வேவ வெச்சேனோ! விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு மேல தட்டுல இருக்கறது சோறா பூச்சியான்னு தெரியாது. அதான் வெளிச்சத்துலயே தின்னுட்டு எழுந்துப்பேன். ஊரே கும்புடுது!"

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் வேவலை அத்தை. நீங்க பாத்து வெச்சதை நான் இன்னொரு தபா பாத்துட்டுத்தான் ஒலையில போடுவேன். தெனமும்."

"உனக்குத் தெரியுமா?" என்று நான் கத்திவிட்டேன். "தெரிஞ்சிக்கினேவா பன்னெண்டு கண்ணாடியைத் தூக்கிக்கினு ஊரெல்லாம் சுத்தினே? முதல்ல இங்க ஒண்ணு குடுத்திருக்கக் கூடாதா?"

"அத்தையே சொல்லாதப்ப, கண்ணு தெரியலைன்னு நான் எப்பிடி சொல்றது?"

கறிவேப்பிலைக்காரி மருமகளின் கதையை நாலு தெருவுக்குச் சொன்னவள். இரண்டு வருஷம், தினமும் இரண்டாம் தடவையாகப் பருப்பைப் பார்த்துவிட்டு, அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. பெற்ற பெண் எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது, வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஜெயமாலா, சித்தாமூர்ல உங்க பெரியம்மா கமலாம்பா கூட நாலு மணிக்கே சாப்புடுதாமே?"

"ஆமா அத்தை. அவங்க தங்கச்சி மூணரைக்கே சாப்புட்டுடறாங்க."

"மூணரைக்கேவா! அப்ப அவளுக்குச் சுத்தமாத் தெரியலை," என்றாள் அம்மா. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அம்மாதான். "நாளைக்கு நல்ல நாளு. சித்தாமூருக்கு எடுத்துக்கினு போ. கண்ணு தெரியலையான்னு கேக்காத, எவளும் ஒத்துக்க மாட்டா. பருப்புல வண்டு பாக்கற கண்ணாடின்னு சொல்லு. பதினொண்ணு போறாது பாரு."

அப்புறம் அண்ணியை, "கிட்ட வா," என்றாள். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாடி இது, காதோரம் நரைச்சிருக்குது? எப்ப நரைச்சுது?"

"அது ஆச்சு அத்தை, ரெண்டு வருசம்."

"மூஞ்சியெல்லாம் வெயில்ல வெந்து கெடக்குதே. எம்மாந் தூரம் நடந்தே?"

அம்மா எழுந்து தன் அறைக்குப் போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. எங்கள் நைனாவின் குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் போன பிறகு அதை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள். மழைக்கு நான் கேட்டதற்குக்கூடத் தரவில்லை. அதைத் துடைத்து அண்ணி கையில் கொடுத்தாள்.

"இனிமே வெளிய போவும்போது இதை எடுத்துக்கினு போ. பஸ்ஸுல வுட்டுட்டு வந்தியோ, அப்புறம் இருக்குது உனக்கு."